அரப்புத் தண்ணீரில் தெரிந்த எழுத்து

ஒரு கல்லை அது நிற்கும் ஊரிலிருந்து எடுத்துப்போய் அருங்காட்சியகத்தில் வைக்கும்படி கேட்டு நான் எழுதிய மனு ஒன்று என் மேசை இழுப்பறையில் இன்னும் கிடக்கிறது. எழுதி 9 ஆண்டுகள் ஆகின்றன. அனுப்பவில்லை, கிழித்துப் போடவும் மனம் வரவில்லை. பொங்கலுக்கு வீடு ஒழிக்கும்போதெல்லாம் கையில் அகப்படும். நின்றபடியே ஒருமுறை படிப்பேன். சொன்ன காரணங்கள் எல்லாம் சரியாகத்தான் இருக்கின்றன. ஆனாலும் அனுப்பாமல் விட்டது நல்லது என்று தோன்றும். அடுத்த வாரமே, அனுப்பியிருக்க வேண்டுமோ என்று தோன்றும். இந்தப் போகியன்று நடந்த ஒன்றுக்குப் பிறகு, முழுவதையும் எழுதிப் பார்த்தால்தான் மனம் அடங்கும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் கால்நடை ஆய்வாளர். 17 ஆண்டுகளாகக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான் வேலை. ஊர்களில் டாக்டர் என்றே கூப்பிடுகிறார்கள்; திருத்திச் சொல்லிப் பார்த்து விட்டுவிட்டேன். கோமாரித் தடுப்பூசிக் காலம் வந்தால், பனிக்கட்டி போட்ட பெட்டியை வண்டியில் கட்டிக்கொண்டு விடியற்காலையில் கிளம்பிவிட வேண்டும். மாடுகள் மேய்ச்சலுக்குப் போய்விட்டால் பிறகு பிடிக்க முடியாது. அப்படி ஆண்டுக்கு இரண்டு முறை போகிற ஊர்களில் ஒன்று, ஊத்தங்கரையிலிருந்து சிங்காரப்பேட்டை போகும் சாலையில் உள்ளே பிரிந்து போனால் மலையடிவாரத்தில் வரும். ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. பழைய கல் என்றாலே அடியில் புதையல் இருக்கும் என்று கடப்பாரையோடு வருகிறவர்கள் எங்கள் பக்கம் இன்னும் ஓயவில்லை.

அந்த ஊரிலிருந்து கிழக்கே பார்த்தால் சவ்வாது மலை வானத்தைப் பாதி மறைத்து நிற்கும். கிழக்குத் தொடர்ச்சி மலை என்று பள்ளிக்கூடத்தில் படித்தபோது, வங்கக் கடலோரமாக ஒரே மதிலாகப் போகும் மலை என்று எண்ணிக்கொண்டேன். வேலைக்கு வந்து ஊர் சுற்றிய பிறகுதான், அதில் தொடர்ச்சியே இல்லை என்று தெரிந்தது. மகாநதியும் கோதாவரியும் கிருஷ்ணாவும் வட பெண்ணையும் அறுத்து அறுத்துப் போட்ட துண்டுகள் அவை. ஒடிசாவில் கடலுக்கு அருகில் தொடங்கி, தெற்கே வர வர உள்நாட்டுக்குள் ஒதுங்கி, எங்கள் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களுக்கு வந்து சேரும்போது சவ்வாது, சித்தேரி, வத்தல்மலை, மேலகிரி என்று ஆளுக்கொரு பெயரோடு தனித்தனியாக நிற்கின்றன. நடுநடுவே கணவாய்கள். சிங்காரப்பேட்டையிலிருந்து செங்கத்துக்குப் போகும் கணவாய் வழியாகப் படைகள் போயிருக்கின்றன. 1767இல் ஐதர் அலியும் ஆங்கிலேயரும் செங்கத்தில்தான் மோதிக்கொண்டார்கள். வரலாற்றுப் புத்தகத்தில் அந்தச் சண்டை இருக்கிறது. அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே இந்த மலை இடுக்குகளில் மாட்டுக்காக வெட்டிக்கொண்டு செத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் புத்தகத்தில் இல்லை, புளியமரத்தடியில் நிற்கிறார்கள்.

எண்ணெய் குடித்த கல்

நான் சொல்லும் கல்லும் புளியமரத்தடியில்தான் நிற்கிறது. மூன்றடி உயரப் பலகைக்கல். இடக்கையில் வில், வலக்கையில் குறுவாள், பக்கவாட்டில் முடிந்த கொண்டை, பாய்வதற்கு மடித்த கால். ஆனால் முதல் நான்கைந்து ஆண்டுகள் இதில் ஒன்றையும் நான் பார்க்கவில்லை. தெரிந்ததெல்லாம் தலைமுறை தலைமுறையாக எண்ணெய் குடித்துக் கறுத்த ஒரு மேடு, அதன்மேல் மஞ்சள், குங்குமம், இடுப்பில் ஒரு சிவப்புத் துணி. ஊர்ச் சாமி வேடியப்பன். எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு வேடியப்பனைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் வகுப்பிலேயே ஒரு வேடியப்பனும் ஒரு வேடியம்மாளும் இருந்திருப்பார்கள்.

கல்லில் எழுத்து இருக்கலாம் என்ற எண்ணம் எனக்கு அருங்காட்சியகம் போய்த்தான் வந்தது. கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்கள், சண்டையில் செத்த வீரர்களுக்கு நட்ட கற்கள், வரிசையாக நிற்கின்றன. ஒருநாள் அலுவலகக் கூட்டம் சீக்கிரம் முடிந்துவிட, பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறதே என்று உள்ளே போனேன். சுத்தமாகத் துடைத்த கல். வில் தெரிகிறது, வாள் தெரிகிறது, எழுத்து தெரிகிறது. இதே ஆளை நான் எங்கோ பார்த்திருக்கிறேனே என்று நினைத்தபடி வெளியே வந்தவனுக்குச் சாலையைக் கடக்கும்போது உறைத்தது: புளியமரத்தடியில்.

அதன்பின் கிடைத்ததையெல்லாம் படித்தேன். 1970களின் தொடக்கத்தில் இரா. நாகசாமி தலைமையில் தமிழ்நாடு தொல்லியல் துறையினர் செங்கம், தருமபுரிப் பக்கங்களில் ஊர் ஊராகத் தேடிப்போய் நடுகற்களைப் படியெடுத்துப் பதிப்பித்திருக்கிறார்கள். பல கற்கள் ஆறாம் நூற்றாண்டிலிருந்தே தொடங்குகின்றன. வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில், இன்ன அரசனின் இத்தனையாவது ஆட்சியாண்டில், இன்னான் தொறு மீட்டுப் பட்டான் என்று இரண்டு மூன்று வரிகள். அவ்வளவுதான். தொறு என்றால் மாட்டு மந்தை. பட்டான் என்றால் இறந்துபட்டான். மாட்டோடு மாடாகக் கிடக்கிற எனக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று இருக்கிறது. தலைவன் இறந்துகிடக்க, கோவிவன் என்ற நாய் இரண்டு கள்வரைக் கடித்துக் காவல் நின்றதாக அதில் பொறித்திருக்கிறார்கள். நாய்க்குப் பெயர் போட்டுக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள்! அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வட்டெழுத்தை நானே எழுதி எழுதிப் பழகினேன். பிறகு ஊருக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கல்லின் முன்னால் உட்கார்ந்து பார்ப்பேன். எண்ணெய்ப் படலத்துக்கு அடியில், தலைக்கு மேலே, ஏதோ வரிவரியாக இருப்பது விரலுக்குத் தட்டுப்படும், கண்ணுக்குப் பிடிபடாது. எரிச்சல் வந்தது. உண்மையாகவே கோபம் வந்தது. 1400 ஆண்டுகளுக்கு முந்தைய எழுத்தின்மேல் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எண்ணெயை ஊற்றிக் கற்பூரத்தை ஏற்றுகிறார்களே, கரி பிடித்துக் கல் வெடித்துவிட்டால் என்ன ஆகும்? பூசாரித் தாத்தாவிடம் பேச்சோடு பேச்சாகச் சொல்லிப் பார்த்தேன். அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கும், எல்லோரும் வந்து பார்ப்பார்கள் என்றேன். அவர் கன்றுக்குட்டியின் முகவாயைத் தடவிக்கொண்டே கேட்டார்: “அப்பன் அங்கே போய்விட்டால் இங்கே மாட்டுக்கு யார் இருப்பார் தம்பி?” நான் இருக்கிறேனே என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். அன்றிரவுதான் மனுவை எழுதினேன்.

போகியன்று மாலை

மனுவில் கையெழுத்துப் போட்டு உறையில் வைத்து, பொங்கல் விடுமுறை முடிந்ததும் அனுப்பலாம் என்று இருந்தேன். போகியன்று பிற்பகல் பூசாரித் தாத்தாவின் மகன் போன் செய்தார். தலைச்சன் பசு, காலையிலிருந்து முக்குகிறது, கன்று வரவில்லை. போய்ப் பார்த்தால் கன்று வயிற்றுக்குள் முன்னங்கால் ஒன்றை மடக்கிக்கொண்டு நிற்கிறது. ஒன்றரை மணி நேரம். கையை விட்டுக் காலை நிமிர்த்தி, கயிறு போட்டு, பசு முக்கும்போது இழுத்து, கடைசியில் வைக்கோல்மேல் வந்து விழுந்தது. கிடேரி. மூக்கில் சளியை எடுத்துவிட்டு வைக்கோல் துரும்பால் கிளறியதும் தும்மியது. தோள்வரை இரத்தமும் பிசுபிசுப்புமாக நின்ற என்னைத் தாத்தா, “வா, கை கழுவலாம்” என்று கூட்டிக்கொண்டு போனார். தொட்டிக்குப் போகவில்லை. புளியமரத்தடிக்குப் போனார்.

அங்கே மண்சட்டியில் அரப்பு, எண்ணெய் போகத் தேய்க்கும் இலைப்பொடி, கரைத்து வைத்திருந்தது. பொங்கலுக்கு முதல்நாள் அப்பனுக்கு எண்ணெய் எடுத்து நீராட்டுவது வழக்கமாம். அதற்குள் 8 ஆண்டுகளாக அந்த ஊருக்குப் போய்க்கொண்டிருந்தேன், எனக்குத் தெரியாது. பண்டிகை நாளில் யார் தடுப்பூசி போடப் போகிறார்கள்? எனக்கு ஒரு கை அரப்பு கொடுத்தார். அதே சட்டியிலிருந்து ஒரு கை எடுத்துக் கல்லின் தலையில் அப்பினார். தேங்காய் நாரால் வட்டம் வட்டமாகத் தேய்த்தார். அவசரமே இல்லை. பேத்திக்குத் தலை தேய்த்துவிடுவது போல, காதோரம், கழுத்தோரம், அக்குள் என்று பார்த்துப் பார்த்துத் தேய்த்தார். பச்சையாக நுரை வந்தது, பிறகு பழுப்பாக, பிறகு தார் போலக் கறுப்பாக வழிந்தது. மூன்று குடம் தண்ணீர். நான்காவது குடம் ஊற்றும்போது வழிந்தது வெறும் தண்ணீராக இருந்தது.

கல் தெற்குப் பார்த்து நிற்கிறது. மார்கழிக் கடைசிச் சூரியன் தென்மேற்கில் இறங்கிக்கொண்டிருந்தது. மரத்தின் அடிக்கிளைக்குக் கீழே நுழைந்த வெயில் கல்லின் முகத்தில் பக்கவாட்டில் சரிந்து விழுந்தது. ஈரக் கல். ஒவ்வொரு கீறலுக்கும் ஒரு நிழல். தலைக்கு மேலே மூன்று வரி, இடக்காலை ஒட்டிக் கீழிறங்கும் ஒரு வரி. படியெடுப்பவர்கள் கல்லைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, ஈரத்தாளை ஒட்டி, எழுத்துக் குழிக்குள் தாள் இறங்கும்படி தட்டித் தட்டி, மை ஒற்றி எடுப்பதைப் படத்தில் பார்த்திருக்கிறேன். அவ்வளவும் இங்கே அரப்பும் வெயிலும் செய்துகொண்டிருந்தன.

நான் வாயடைத்து நின்றேன். தாத்தா என் பார்வை போன இடத்தைப் பார்த்தார். சுட்டு விரலை முதல் எழுத்தின் குழிக்குள் வைத்து, அதன் வளைவிலேயே ஓட்டி, அடுத்த எழுத்துக்கு நகர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டும் அவரால் அதைச் செய்ய முடியும் என்று தெரிந்தது. “இதெல்லாம் சூடு தம்பி” என்றார்.

மாட்டுக்குப் போடுகிற சூட்டைச் சொல்கிறார். காட்டுக்குள் பட்டி போட்டு மாடு வைத்திருந்த காலத்தில் வீட்டுக்கு வீடு சூட்டுக்குறி உண்டு. வளையம், கொக்கி, வளையத்துக்குள் புள்ளி, கழுத்து வளைந்த பாம்பு. வட்டெழுத்தைப் பார்த்திருப்பவர்களுக்குத் தெரியும். ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். “யார் யார் மாட்டையெல்லாம் மீட்டுக் கொடுத்துவிட்டுச் செத்தானோ, அவரவர் மாட்டுச் சூட்டையெல்லாம் இவன்மேல் போட்டுவிட்டார்கள். நீ காதில் குத்துகிறாயே மஞ்சள் வில்லை, அந்த மாதிரி.”

நான் குத்தும் வில்லையில் 12 இலக்க எண் இருக்கும். அந்த எண்ணை அடித்தால் அது யாருடைய மாடு, எப்போது ஊசி போட்டது என்று எல்லாம் வரும். கல்லின் முன்னால் குந்தி உட்கார்ந்து, இரண்டாவது வரியில் நான் பழகிய இரண்டு எழுத்தைத் தேடிப் பிடித்தேன். தொ. று. காலோரத்து வரியின் முடிவில் பட்டான். மற்றவை பாதி தேய்ந்தும் பாதி எனக்குப் புரியாமலும் இருந்தன. குரல் நடுங்க, “தாத்தா, இது எழுத்து. தொறு என்று எழுதியிருக்கிறது. தொறு என்றால் மாட்டு மந்தை” என்றேன். அவர் ஆச்சரியப்படவில்லை. “அதைத்தானே நானும் சொன்னேன்” என்றார்.

அதற்குப் பிறகு அவர் செய்த ஒன்றுதான் என்னை மொத்தமாகப் புரட்டிப் போட்டது. துணி கட்டி, மஞ்சள் பூசி, பொரியும் வெல்லமும் வைத்துவிட்டு, மடியிலிருந்து ஒரு சின்னப் பாட்டிலை எடுத்து எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினார். சாராயத்தை அவர் நடுவில் வைக்கவில்லை. கல்லின் இடக்காலுக்கு அருகே, ஓர் ஓரமாக வைத்தார். ஏன் அங்கே என்று குனிந்து பார்த்தேன். டம்ளருக்குப் பின்னால், கல்லில், கால் பக்கத்தில், மூக்கு வைத்த ஒரு சின்னக் குடுவை செதுக்கியிருந்தது. கெண்டி. செங்கம் பக்கத்து நடுகற்களில் வீரனின் காலடியில் கெண்டியும் சிமிழும் காட்டியிருப்பார்கள் என்று படித்திருக்கிறேன். தருமபுரிக்குப் பழைய பெயரான தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி மாண்டபோது ஔவை அழுததும் எனக்குத் தெரியும்: மலைநாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன், நடுகல்லாகிவிட்ட பிறகு, பீலி சூட்டிச் சின்னக் கலத்தில் ஊற்றும் கள்ளையா வாங்கிக்கொள்ளப் போகிறான் என்று கேட்கிறாள். பள்ளியில் மனப்பாடமாக ஒப்பித்திருக்கிறேன். அந்தச் சின்னக் கலத்தை அன்றுதான் பார்த்தேன். நடுகல் எடுக்க ஆறு படிகள் சொல்லியிருக்கிறது தொல்காப்பியம்: கல்லைத் தேடிக் காண்பது, நாள் பார்த்து எடுப்பது, நீராட்டுவது, நடுவது, படையல் போடுவது, வாழ்த்துவது. இந்த ஊரில் அதில் பாதி இன்னும் முடியவே இல்லை. ஆண்டுதோறும் நீராட்டுகிறார்கள், படைக்கிறார்கள், வாழ்த்துகிறார்கள்.

விடுமுறை முடிந்தது. மனு போகவில்லை.

பெயர் இல்லாத குன்று

இத்தோடு முடிந்திருந்தால் எனக்கு மனக்குழப்பம் இருந்திருக்காது. எண்ணெயும் பூசையும்தான் கல்லைக் காப்பாற்றின, நான்தான் தப்பாக நினைத்தேன் என்று நிம்மதியாக இருந்திருப்பேன். ஆனால் அந்த ஊருக்குப் பின்னால் ஒரு குன்று இருந்தது.

பெரிய குன்று அல்ல. மாடுகள் அரைமணி நேரத்தில் ஏறி இறங்கிவிடும். மேலே ஒரு சுனை. பங்குனி வரை தண்ணீர் நிற்கும். பாறை இடுக்கில் மலைத்தேன் கட்டியிருக்கும். சுனைக்கு இந்தப் பக்கம், பாதி மண்ணில் புதைந்த உருண்டைக் கற்கள் வட்டமாக, ஏழோ எட்டோ வட்டங்கள். ஊரில் பாண்டவர் குழி என்பார்கள். மாடு மேய்க்கும் பையன்கள் அதற்குள் உட்கார மாட்டார்கள். மற்றபடி பயமும் இல்லை, பூசையும் இல்லை. அவை பழங்காலத்து மனிதர்கள் இறந்தோரைப் புதைத்த இடங்கள் என்று எனக்குத் தெரியும். எங்கள் மாவட்டத்து மல்லசந்திரத்துக்குப் போய்ப் பார்த்திருக்கிறேன். அங்கே பாறைமேல் கல்திட்டைகள், பலகைக்கற்களைப் பெட்டி போல நிறுத்தி மேலே ஒரு பெரிய மூடுகல், முன்பலகையில் ஆள் நுழைய முடியாத வட்டத் துளை, சுற்றிலும் தலைப்பக்கம் வளைவாகச் செதுக்கிய பலகைகள், சிலவற்றின் உட்புறத்தில் வெள்ளை ஓவியங்கள். இந்த மண்ணின் பாறை தகடு தகடாக உரியும் பாறை. வேலிக்குக் கல்கம்பம் நடுகிறோம், மாட்டுக்கொட்டகைக்குக் கல்பலகை வைக்கிறோம். அந்தக் காலத்தவர்கள் அதே கல்லில் தங்கள் இறந்தோருக்கு வீடு கட்டியிருக்கிறார்கள்.

பர்கூர்ப் பக்கம் மயிலாடும்பாறையில் அகழாய்வு செய்து எடுத்த மாதிரிகளைச் சோதித்ததில், கி.மு. 2172இலேயே இங்கே இரும்பு பயன்பட்டிருக்கிறது என்று 2022 மே மாதம் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். அன்று எங்கள் மாவட்டத்தில் டீக்கடை டீக்கடையாக அதே பேச்சு. 4,200 ஆண்டுகள்! எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அதே கோடையில்தான் குன்றுக்குக் கல்லைத் துளைக்கும் கம்ப்ரசர் வந்தது.

கிருஷ்ணகிரி கிரானைட் எங்கெங்கோ போகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். சுமார் 250 கோடி ஆண்டு பழைய பாறை. அறுத்து மெருகேற்றினால் உள்ளே நீரோட்டம் போலக் கோடுகள் ஓடும். முதலில் பாதை போட்டார்கள். பிறகு துளை போட்டார்கள். பிறகு கம்பியை ஓட்டி, வெண்ணெய் அறுப்பது போல, குன்றைச் சதுரம் சதுரமாக அறுத்தார்கள். இரண்டு ஆண்டுகள். சுனை போயிற்று, தேன்கூடு போயிற்று, கல்வட்டங்கள் முதல் மாதத்திலேயே பாதைக்கு அடியில் போயின. யாரும் தடுக்கவில்லை. கேட்டவர்களிடம், கோயில் இல்லாத இடம்தானே என்றார்கள். ஊருக்கும் அது சமாதானமாக இருந்தது. அங்கே எண்ணெய் ஊற்ற ஆள் இல்லை, வெள்ளிக்கிழமை விளக்கு வைக்க ஆள் இல்லை, அரப்பு தேய்க்க ஆள் இல்லை.

நானும் எழுதவில்லை. இதைச் சொல்லாமல் போனால் இந்தக் கட்டுரைக்கே அர்த்தம் இல்லை. மூன்றடிக் கல்லுக்காக இரண்டு பக்கம் எழுதிய கை, குன்றுக்காக ஒரு வரி எழுதவில்லை. மாடுகள் கல் உடைக்கும் சத்தத்தில் மிரளுகின்றன என்று ஊரார் என்னிடம் சொன்னார்கள். தூசி படிந்த தீவனத் தட்டையைக் கழுவிப் போடுங்கள் என்று ஆலோசனை சொல்லிவிட்டு வந்தேன்.

காட்டைப் பற்றியும் எனக்கு இதே தவிப்பு உண்டு. மேற்கே அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மேலகிரிக் காடுகளை உள்ளடக்கி 2014இல் காவிரி வடக்கு, 2022இல் 686 சதுர கிலோமீட்டரில் காவிரி தெற்கு என்று வனவிலங்குச் சரணாலயங்களை அறிவித்தார்கள். யானைக்கும் சாம்பல் நிற மலை அணிலுக்கும் ஆற்றில் நீர்நாய்க்கும் அது வேண்டும்; இரண்டாவது பேச்சே இல்லை. அதே நேரம் அந்தக் காட்டில் பட்டி போட்டு வளர்ந்தது ஆலம்பாடி மாடு. காட்டில் மேய்ந்து காட்டிலேயே படுத்து, நோய்க்கும் வறட்சிக்கும் அசையாத மாடு. பட்டி குறைந்தால் மாடு குறையும். மாடு குறைந்தால் சூட்டுக்குறி தெரிந்தவர்கள் இல்லாமல் போவார்கள். சரணாலயத்துக்கு எல்லைக்கல் நடலாம். தாத்தாவின் விரலுக்குத் தெரிந்ததை எந்த எல்லைக்குள் வைப்பது?

இந்தப் போகி

தாத்தா போய் இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது பூசை அவருடைய மகன்தான். இந்த ஆண்டு போகிக்கு நானாகவே போனேன். புளியமரத்தடி அடையாளமே தெரியவில்லை. கான்கிரீட் கூரை, இரும்புக் கதவு, உள்ளே மெருகேற்றிய கிரானைட் தரை. கல் அறுப்பவர்கள் காசு வாங்காமல் கொடுத்த பலகைகள். தரையின் ஒரு மூலையில் குனிந்து பார்த்தேன். வெளிர் சிவப்பில் கறுப்பு ஓடும் அந்தக் கோடுகளை எனக்குத் தெரியும். சுனைக்குப் பக்கத்துப் பாறையில் மழை பெய்து நனைந்திருக்கும்போது அதே கோடுகள் தெரியும்.

தரையை ஒரு சாண் உயர்த்திவிட்டார்கள். கெண்டி அடியில் போய்விட்டது. காலோரத்து வரியில் கடைசி எழுத்துகளும் போய்விட்டன. தொறு மேலே இருக்கிறது, பட்டான் உள்ளே புதைந்துவிட்டான். மகன் நல்ல பிள்ளை, கடன் வாங்கிக் கட்டியிருக்கிறார், மழையில் நனையாமல் அப்பன் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கட்டியிருக்கிறார். அவரிடம் என்னவென்று சொல்வது? டம்ளரை வழுவழுப்பான தரையில், பழைய இடத்துக்கு நேர் மேலே வைத்தார். நான் பேசாமல் நின்றேன்.

பேசியது பாட்டிதான். தாத்தாவின் மனைவி. அரப்புச் சட்டியை வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தவர், நீராட்டி முடியும்வரை பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “செம்பை மூடிவிட்டாயே ஐயா, அப்பன் எதில் வாங்கிக் குடிப்பான்?” என்று மகனைக் கேட்டார். மகனுக்குப் புரியவில்லை. பாட்டி எழுந்து வந்து, இடக்காலுக்கு அருகே தரையைக் கையால் தட்டிக் காட்டினார். “இங்கே செம்பு இருக்கிறது. உங்கள் அப்பா ஒருநாளும் வேறு இடத்தில் வைத்ததில்லை. டாக்டரைக் கேட்டுப் பார், அவருக்குத் தெரியும்.”

எனக்குத் தெரியும் என்று சொன்னேன். எழுத்து இருக்கிறது, அதுவும் உள்ளே போய்விட்டது, கல்லைச் சுற்றி ஒரு முழம் தரையை வெட்டி எடுத்தால் போதும், கூரையை யாரும் தொட வேண்டாம் என்றேன். ஊரில் நான்கைந்து பேர் கூடிவிட்டார்கள். புதுத் தரையை உடைப்பது அபசகுனம் என்றார் ஒருவர். கொடுத்தவர்கள் வருத்தப்படுவார்கள் என்றார் இன்னொருவர். கடைசியில் அப்பனையே கேட்டுவிடலாம் என்று முடிவாயிற்று. ஈரக் கல்லின் இரண்டு தோளிலும் அரளிப்பூவை ஒட்டினார்கள். வலப்பக்கம் முதலில் விழுந்தால் உத்தரவு. இடப்பக்கம் விழுந்தால் இப்படியே இருக்கட்டும்.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். இருட்டியது. மாடுகள் வந்து கட்டுத்தறிக்குப் போயின. அன்று நான் பிரசவம் பார்த்த கிடேரி இப்போது நான்கு ஈன்ற பசு. என்னைத் தாண்டிப் போகும்போது ஒரு நொடி நின்று மோந்துவிட்டுப் போனது. பூ இரண்டும் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தன. எனக்குக் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, கிளம்பினேன்.

இரவு பத்து மணிக்குப் போன் வந்தது. பாட்டி பேசினார். கல் காய்ந்துவிட்டது, இப்போதுதான் விழுந்தது, வலப்பக்கம் என்றார். பிறகு, “உளி தெரிந்த ஆளாகப் பார்த்துக் கூட்டிக்கொண்டு வா ஐயா. மிஷின் வைத்து அறுக்கிறவன் வேண்டாம். அப்பன்மேல் பட்டுவிடும்” என்றார்.

கையால் கொத்துகிற கல்தச்சர்கள் இப்போது கிடைப்பது அரிதாக இருக்கிறது. காவேரிப்பட்டினத்துக்கு அருகில் ஒருவர் இருப்பதாகச் சொல்கிறார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கிறேன்.